கார் ஓடும்போது அதிர்கிறதா? பாகத்தை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். வருஷம் முழுக்கச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டு, கல்யாணம், படைப்பு, கோயில் விசேஷம் என்று ஊருக்கு வருவார்கள். வந்த அன்றே கொட்டகையில் மூடி வைத்திருந்த காரை வெளியே எடுத்து, பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். குன்றக்குடி வருவதற்குள் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். கூட வருகிறவர்களில் ஒருவர் அலைன்மென்ட் என்பார், ஒருவர் ஆக்சில் என்பார், டீக்கடையில் நிறுத்தினால் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) மாற்றச் சொல்வார்.

யார் சொன்னதும் சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ‘கார் ஆடுது’ என்கிற ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பாகம் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எதை மிதித்தால் கூடுகிறது, எதை விட்டால் நிற்கிறது, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா என்று ஓட்டுகிறவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். அதைக் கவனித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும், மீதிப் பாதிக்கு மெக்கானிக்கிடம் போனாலும் தேவையில்லாமல் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

முதலில் பிரிக்க வேண்டியது: சக்கரமா, எஞ்சினா?

திருமயம் போகிற சாலை மாதிரி நேரான, நல்ல ரோடு ஒன்றில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அதிர்வு வருகிற வேகத்தில், உதாரணத்துக்கு 80-ல், ஐந்தாவது கியரில் சீராக ஓட்டுங்கள். அதே 80-ல் நான்காவது கியருக்கு இறக்குங்கள். வேகம் மாறவில்லை, ஆனால் எஞ்சின் சுற்று கூடியிருக்கிறது. அதிர்வு துளியும் மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று காரணம்: டயர், ரிம், பிரேக் டிஸ்க், ஹப் (சக்கரத்தை மாட்டும் மையப் பகுதி) இப்படி. அதிர்வு மாறினாலோ மறைந்தாலோ எஞ்சின், கிளட்ச், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் பக்கம் போக வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா, கிளட்சை மிதித்து நியூட்ரலில் கொஞ்ச தூரம் உருள விடுங்கள். அப்போதும் ஆடினால் எஞ்சின் மேல் பழி இல்லை. சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை 2500, 3000 சுற்று வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் டயர் கடைக்குப் போய் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு குறிப்பும் உதவும். சின்னக் கார் ஒன்றின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 15 தடவை சுற்றும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 50. அதனால் சக்கரத்து அதிர்வு தடதடவென்று கையை ஆட்டும், எஞ்சின் அதிர்வு விர்ரென்று பாதத்திலும் கியர் குமிழிலும் ஏறும். கொஞ்சம் பழகினால் இந்த வித்தியாசம் டெஸ்ட் எதுவும் செய்யாமலே புரிந்துவிடும்.

80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பிரேக் மிதிக்காமலே

பத்தில் எட்டுப் பேர் வந்து சொல்வது இதைத்தான். 80-ல் ஆரம்பித்து, 90-100-ல் உச்சத்துக்குப் போய், சில வண்டிகளில் 110 தாண்டினால் குறைந்தும்விடும். இது வீல் பேலன்சிங் கோளாறு, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் பின் சக்கரம்.

சின்ன எடைக்கு இவ்வளவு ஆட்டமா என்று கேட்பார்கள். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 5 கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

கடைக்குப் போவதற்கு முன் குனிந்து ரிம்மைப் பாருங்கள். ஓரத்தில் தட்டிச் சொருகிய அல்லது உள்பக்கம் ஒட்டிய சின்னச் சின்ன உலோக எடைகள் இருக்கும், பேலன்சிங்கில் எடையைச் சமன் செய்ய வைத்தவை. எங்காவது தூசி படாத சதுரம் ஒன்று பளிச்சென்று, கொஞ்சம் பசையோடு தெரிந்தால் அங்கிருந்த எடை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது நம்ம ஊர் விசேஷம்: செம்மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் தார் போடாத பாதையில் இறங்கி ஏறினால் ரிம்மின் உள்பக்கத்தில் சேறு அப்பிக்கொள்ளும். மழை விட்டு இரண்டு நாள் வெயிலடித்தால் அது செங்கல்லாக இறுகிவிடும். வாட்டர் வாஷில் வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று கழுவித் தருவார்கள், உள்பக்கம் மண் அப்படியே இருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, கையை உள்ளே விட்டு ரிம்மைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு திடீரென்று வந்த அதிர்வு பலருக்கு இதோடு போய்விடும், செலவும் கிடையாது. பேலன்சிங் போடுவதாக இருந்தாலும் இந்த மண்ணை எடுத்த பிறகுதான் போட வேண்டும். மண்ணோடு போட்டால் மெஷின் மண்ணுக்கும் சேர்த்து எடை வைக்கும், மண் உதிர்ந்த அன்றைக்குப் பழையபடி ஆடும்.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். அதுமட்டும் கெட்டு நேராக ஓடும் வண்டி 90-ல் நடுங்குவதில்லை. டயர் ஏற்கனவே திட்டுத் திட்டாகத் தேய்ந்துபோனால் அந்தத் தேய்மானம் அதிர்வைத் தரும், அது வேறு கதை. அதிர்வு என்று சொல்லிப் போனவருக்கு அலைன்மென்ட் மட்டும் செய்து பில் கொடுத்தால் ‘பேலன்சிங் போட்டீர்களா, நான்கு சக்கரத்துக்குமா?’ என்று கேளுங்கள். முன் இரண்டுக்கு மட்டும் போட்டுவிட்டு நான்கு என்று சொல்கிற கடையும் இருக்கிறது, பக்கத்தில் நின்று பார்ப்பதில் தப்பில்லை.

கிளம்பின புதிதில் தொப்புத் தொப்பென்று, போகப் போகச் சரியாகிறது

மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டி இப்படித்தான் இருக்கும். வண்டியின் எடை முழுவதும் டயரின் ஒரே இடத்தில் அழுத்தி, அந்த இடம் தட்டையாகிவிடும். ஓட ஓட டயர் சூடேறி மறுபடி வட்டமாகும். பத்து இருபது கிலோமீட்டர் ஓடியும் போகவில்லை என்றால் தட்டை நிரந்தரமாகிவிட்டது, டயரைத்தான் மாற்ற வேண்டும். காற்றுக் குறைந்த நிலையிலேயே நின்ற டயருக்கு இது சீக்கிரம் வரும். அதனால் காரை நிறுத்திவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்போது காற்றைக் கொஞ்சம் கூடுதலாக, டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குள் அடைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் குறைக்க வேண்டும், சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் இரண்டு தடவை காரை ஒரு சுற்று ஓட்டச் சொன்னால் இன்னும் நல்லது. ஸ்டார்ட் மட்டும் போட்டு அணைத்தால் டயருக்கு எந்தப் பலனும் இல்லை.

‘டயர் புதுசு தம்பி, ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை’ என்று இந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பட்டன் (டயர் மேற்பரப்பின் ரப்பர் கட்டைகள்) ஆழமாகவே இருக்கும், மறுக்க முடியாது. ஆனால் டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ஆம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. வெளிப்பக்கத்தில் தெரியவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன்களுக்கு இடையிலும் பக்கச் சுவரிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து வருஷம் ஆன டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். அதற்கான காரணம் அடுத்து வருகிறது.

30, 40-லேயே தள்ளாடுகிறது: நிறுத்துங்கள்

அதிவேகத்தில் நடுங்குகிற வண்டியை மெதுவாக ஓட்டி வீடு சேர்க்கலாம். மெதுவாகப் போகும்போதே வண்டி இடமும் வலமும் அசைந்து அசைந்து போகிறது, ஸ்டீயரிங் தானாக லேசாக ஆடுகிறது என்றால் இரண்டு விஷயத்தை உடனே பார்த்தாக வேண்டும்.

ஒன்று, வீல் நட்டு. சமீபத்தில் பஞ்சர் ஒட்டினீர்களா, டயர் மாற்றினீர்களா? கையால் சுழற்றிவிட்டு ஸ்பேனர் போட்டு இறுக்க மறந்தால் ஒவ்வொரு நட்டாகக் கழன்றுகொண்டே வரும். டக் டக்கென்ற சத்தமும் கூட வரும். ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்திலும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டியதில்லை. அப்படிக் குதித்தால் நட்டு மரை போகும், டிஸ்க்கும் கோணலாக உட்காரும்.

இரண்டாவது, டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டை பிரிந்துபோவது, அல்லது பக்கச் சுவரின் நூலிழை அறுந்துபோவது. பழைய டயரிலும், பள்ளத்தில் ஓங்கி அடிபட்ட டயரிலும் நடக்கும். பக்கச் சுவரில் முட்டை அளவுக்கு வீங்கி நிற்கும், அல்லது ஓடுகிற மேற்பரப்பில் ஒரு இடம் மட்டும் மேடாக இருக்கும். உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவினால் மேடு தெரியும், கம்பி துருத்திக்கொண்டிருக்கலாம் என்பதால் துணி சுற்றிக்கொண்டு தடவுங்கள். இந்த டயரோடு ‘மதுரை வரை மெதுவாகப் போய்விடலாம்’ என்ற பேச்சே வேண்டாம். சித்திரை வெயிலில் சூடான தார் ரோட்டில் அது எந்த நிமிஷமும் வெடிக்கும். ஸ்டெப்னியை மாட்டுங்கள். புதிய கார் பலவற்றில் ஸ்டெப்னி சின்ன அளவில் இருக்கும், 80-க்கு மேல் போகாதே என்று அதிலேயே எழுதியிருக்கும், அதை மாட்டிய பிறகு வண்டி கொஞ்சம் வித்தியாசமாக ஓடினால் பயப்பட வேண்டாம்.

பிரேக் மிதித்தால் மட்டும்

சீராகப் போகும்போது ஒன்றுமில்லை, 80-ல் இருந்து பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பெடல் காலுக்கு அடியில் துடிக்கிறது. டிஸ்க் தடிமன் ஒரே சீராக இல்லை. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும், கண்ணுக்குத் தெரியாது.

நின்ற வண்டியில் இது வருவதற்குக் காரணம் துரு. பிரேக் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) அழுத்தியிருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் துருப்பிடித்து, பேடின் அச்சு மட்டும் டிஸ்கில் கறையாக நிற்கும். மேலோட்டமான துரு என்றால் காலியான ரோட்டில் 60-ல் இருந்து நிதானமாகப் பல தடவை பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால், சரசரவென்ற சத்தத்தோடு தேய்ந்து போய்விடும். நடுநடுவே ஆற விடுங்கள், சூடான டிஸ்க்கோடு பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், நின்றால் அந்த இடத்தில் இன்னொரு கறை விழும். துரு குழி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் எவ்வளவு மெலியலாம் என்ற அளவை டிஸ்க் விளிம்பிலேயே பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே போகுமானால் புதிதுதான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

ஸ்டீயரிங் உதறாமல் சீட்டு மட்டும் உதறினால் பின் டிரம். கம்பி இழுக்கிற ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால், காய்ந்த காலி ரோட்டில் 30-ல் போகும்போது ஹேண்ட் பிரேக் நுனிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல, மிக மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போது அதே உதறல் வந்தால் பின்பக்கம்தான். நெடுநாள் நிறுத்துகிறவர்கள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் டிரம்மும் லைனரும் ஒட்டிக்கொள்ளாது.

அவசரமாக ஓங்கி மிதிக்கும்போது மட்டும் கடகடவென்று பெடல் துடித்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) வேலை செய்வது. கோளாறு இல்லை.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஆடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது

முன் சக்கரம் இழுக்கிற கார்களில், அதாவது இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான சின்னக் கார்களில், எஞ்சின் பக்கத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் தண்டின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்தால் இப்படி வரும். நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு வேகம் எடுக்கும்போது முன்பக்கம் பக்கவாட்டில் குலுங்கும், காலை எடுத்தால் சுத்தமாகப் போய்விடும். வெளிப்பக்க ஜாயிண்ட் போனால் வேறு மாதிரி: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது கட் கட் கட்டென்று சத்தம். சந்துக்குள் வண்டியைத் திருப்பும்போது நன்றாகக் கேட்கும், சுவரில் எதிரொலிக்கும். இரண்டுக்கும் முதல் அறிகுறி, ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கமெல்லாம் கருப்பாக கிரீஸ் தெறித்திருப்பது. பூட் கிழிந்த உடனே கவனித்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் போதும், மண் உள்ளே போய்விட்டால் ஜாயிண்டே போச்சு.

பொலிரோ, இன்னோவா (ஹைகிராஸ் தவிர), பழைய ஆம்னி, அம்பாசடர் போன்று பின் சக்கரம் தள்ளுகிற வண்டிகளில் நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சந்தேகப்பட வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டாலும் நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளில் இன்னும் சிலர் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஷாஃப்ட் முனையின் மூட்டான கிராஸ் தேய்ந்தால், முதல் கியரில் இருந்து கிளம்பும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி கேட்கும், வேகம் கூடினால் தரை முழுக்க உறுமும். சமமான இடத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, எஞ்சினை அணைத்து, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். கழற்றும்போது ஷாஃப்ட்டிலும் அது சேருமிடத்திலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு பொருந்தாமல் மாட்டினால் புது கிராஸ் போட்டும் ஆடும், அதற்குப் பிறகு எதைத் தேடினாலும் கிடைக்காது.

நின்றபடியே அதிர்கிறது, கிளம்பும்போது உதறுகிறது

மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். நான்கு சிலிண்டர் ஓட்டிப் பழகியவர்கள் மாறின புதிதில் இதையே கோளாறு என்று நினைப்பார்கள். முன்பு இல்லாமல் புதிதாகக் கூடியிருந்தால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சின் மவுண்டிங். அந்த ரப்பர் வெடித்தாலோ அமுங்கினாலோ எஞ்சின் அதிர்வு முழுவதும் பாடிக்கு வரும், ஏசி போட்டால் இன்னும் கூடும். இரண்டாவது, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருப்பது: பிளக், காயில், இன்ஜெக்டர். மூடி வைத்த வண்டியாக இருந்தால் பானெட்டைத் திறந்ததும் முதலில் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள், புழுக்கையே காட்டிக்கொடுக்கும். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும், அதன் விலை பிளக், காயில் விலையெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்ற வைக்கும்.

முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் உதறினால் கிளட்ச். நெடுநாள் நின்ற வண்டியில் லேசான துருவாக இருந்து சில தடவை ஓட்டியதும் தானே சரியாகலாம். சரியாகவில்லை என்றால் எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கலாம், கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அதிர்வோடு உறுமலும் சேர்ந்து, வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், இடமும் வலமும் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட். ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

பேலன்சிங் போட்டும் போகவில்லை

போட்ட சக்கரத்தை மெஷினிலிருந்து கழற்றி, கொஞ்சம் திருப்பி, மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யம் காட்ட வேண்டும். 15, 20 கிராம் காட்டினால் முதலில் மாட்டியதே மையத்தில் உட்காரவில்லை. சுற்றும்போது ரிம் ஓரத்தையும் டயரின் மேற்பரப்பையும் பாருங்கள். ரிம் ஓரம் இடமும் வலமும் அலைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது, எடை எவ்வளவு வைத்தாலும் நெளிந்த ரிம் வட்டமாகாது. ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயர்தான்.

வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீலா? நடு ஓட்டை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும், அது இல்லாமல் மாட்டினால் சக்கரம் மையம் தவறி உட்காரும். ஹப்பின் முகத்தில் துருவும் மண்ணும் தடித்திருந்தாலும் இதேதான், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

எந்தச் சக்கரம் என்றே பிடிபடவில்லை என்றால் முன் சக்கரம் இரண்டையும் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் கையிலிருந்து சீட்டுக்குப் போனால் அந்த இரண்டில் ஒன்று. அதில் ஒன்றுக்குப் பதில் ஸ்டெப்னியைப் போட்டால், அதுவும் முழு அளவு ஸ்டெப்னியாக இருந்தால், எது என்று தெரிந்துவிடும். மாற்றியும் ஆட்டம் ஸ்டீயரிங்கிலேயே நின்றால் சக்கரத்தை விட்டுவிடுங்கள், லோயர் ஆர்ம் புஷ், டை ராட், ஹப் என்று முன்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தடவை சக்கரம் கழற்றி மாட்டினாலும் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.